அடிக்குரல் தனித்துப் பேசிய கதை

வானொலியிலே பேஸ் கிட்டாரைப் பற்றிப் பேச முற்படுவதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 தடவைகள் அதிர்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் சிறிய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி உள்ளங்கை அகலமே உள்ளது. இவ்வளவு தாழ்ந்த மீடிறனை அது உள்ளபடி வெளிப்படுத்த வல்லதன்று. ஆயினும், அந்தச் சுரம் உங்கள் செவிக்கு விழுந்தது போலவே இருக்கும். காரணம் இதுதான். தந்தி அதிரும்போது அடிச்சுரத்துடன் 82, 124, 165 என்றவாறு மேற்றொனிகளும் எழுகின்றன. பெட்டி இவற்றை ஒலிக்கிறது. எமது மூளை இவற்றைக் கொண்டு, அங்கே இல்லாத அடிச்சுரத்தைத் தானே கட்டியெழுப்பிக் கொள்கிறது. ஆக, நேயர்களே, நம்மில் பலர் இந்த வாத்தியத்தைப் பல ஆண்டுகளாகக் கேளாமலே கேட்டு வந்திருக்கிறோம்.

கோயில் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்களைப் பார்த்தவர்களுக்குப் பேஸ் கிட்டார்க்காரரின் இடம் தெரியும். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் குறைந்த ஓரத்தில், நான்கு தடித்த தந்திகளுடன் அவர் நிற்பார். பாடகரை அறிமுகம் செய்வார்கள். ஓகன் வாசிப்பவரை அறிமுகம் செய்வார்கள். சில வேளைகளில் இவருடைய பெயர் வராமலே நிகழ்ச்சி முடிந்துவிடும். ஆனால் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டால் பாட்டின் கால் தரையில் பாவாது.

ஓர் இலக்கியத் தொடரில் இந்த வாத்தியத்துக்கு என்ன அலுவல் என்று யாரேனும் கேட்கக் கூடும். நாட்டுக்கூத்திலே பிற்பாட்டுக்காரர் ஒருவர் நடுக்களரிக்கு வந்து, தம் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காப்பியங்களின் ஓரத்தில் நின்ற பாத்திரங்களை நடுவுக்குக் கொணர்ந்து பேசவைத்த எழுத்தாளர்கள் எம்மிடையே உண்டு. மேற்கின் இசையிலும் அவ்வாறான ஒன்று நடந்திருக்கிறது. துணைக்குரலாகவே வார்க்கப்பட்ட ஒரு வாத்தியம் தனித்துப் பேசத் துணிந்த கதை அது. அக்கதையைத்தான் இன்று சொல்ல விழைகிறேன்.

பெரியண்ணன்

பேஸ் கிட்டாருக்கு ஒரு பெரியண்ணன் உண்டு. அது டபிள் பேஸ் எனப்படும் பெருவயலின். ஆளுயரத்துக்கும் மேலான மரப்பேழை. மேலைத்தேய வாத்தியப் பிருந்தங்களில் கடைசி வரிசையில் நின்று அடிச்சுரத்தைத் தாங்கி வந்தது. இத்தாலியரான ஜொவானி பொத்தெசீனி (1821 - 1889) இதைத் தனி வாத்தியமாகக் கையாண்டு ஐரோப்பாவையே வியக்க வைத்தவர். மிலான் இசைக் கல்லூரியில் உதவிப்பணத்துடன் சேர்வதற்கு எஞ்சியிருந்த இடங்கள் பஸூனுக்கும் டபிள் பேஸுக்கும் மட்டுமே. ஆகவே அவர் டபிள் பேஸைப் பழகினார் என்பார்கள். 1871 இல் கெய்ரோ நகரில் வெர்டியின் 'ஐடா' இசைநாடகம் முதன்முதலில் அரங்கேறியபோது வாத்தியக் குழுவை நெறிப்படுத்தியவரும் இவரே.

ஜாஸ் இசைக்கு வருவோம். 1939 இல் டியூக் எலிங்டனின் குழுவில் ஜிம்மி பிளான்டன் என்ற இளைஞர் சேர்ந்தார். அதுவரை தாளத்தின் படிக்கட்டுகளை எண்ணி வைப்பது போல நடந்த டபிள் பேஸ், அவர் கையில் ஒரு சொல்லாளனின் பேச்சைப் போல ஓடத் தொடங்கியது. எலிங்டன் தாம் பியானோ வாசிக்க, பிளான்டன் மட்டும் துணையாக நிற்க, இருவர் மட்டுமே பங்குகொண்ட இசைத்தட்டுகளை வெளியிட்டார். தலைவர் துணைவருக்கு இடம்விட்டு ஒதுங்கிய அரிய தருணம் அது. காசநோய் அந்த இளைஞரை 1942 இல் கொண்டு போனது. அப்போது வயது 23.

வானொலி திருத்துபவர் செய்த வாத்தியம்

டபிள் பேஸைத் தூக்கிச் செல்வது சிரமம். தவிர, குழுவின் ஏனைய வாத்தியங்கள் மின்வலு பெற்று ஓங்கி ஒலித்தபோது அதன் குரல் அமுங்கிப் போயிற்று. 1930களில் சியாட்டில் நகரைச் சேர்ந்த போல் டுட்மார்க் என்பவர் கிட்டார் போல ஏந்தி வாசிக்கத்தக்க மின்சாரப் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். காலம் அதற்குக் கனியவில்லை. காலம் கனிந்தது 1951 இல். கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் என்ற ஊரிலே வானொலி திருத்தும் கடை வைத்துத் தொழில் தொடங்கியவரான லியோ ஃபென்டர் என்பவர் 'பிரெசிஷன் பேஸ்' என்ற வாத்தியத்தை வெளியிட்டார்.

ஃபென்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது சுவையான செய்தி. அவர் திருத்துநரின் கண்ணால் பார்த்தார். டபிள் பேஸின் கழுத்திலே மெட்டுகள் இல்லை. சரியான இடத்தில் விரல் விழாவிட்டால் சுருதி பிசகும். ஃபென்டர் தமது வாத்தியத்தில் வீணையில் இருப்பது போல மெட்டுகளைப் பதித்தார். விரலை ஏறத்தாழ வைத்தாலும் சுரம் துல்லியமாக விழும். 'பிரெசிஷன்' என்றால் துல்லியம். பெயருக்குக் காரணம் இதுவே. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவு இதுதான்.

ஒரு கருவி எதற்காகச் செய்யப்படுகிறது என்பதும், பின்னர் மனிதர் அதைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதும் வேறு வேறு. தனித்து வாசிக்கவென்று ஃபென்டர் இதைச் செய்யவில்லை. தோளில் மாட்டி, காரில் ஏற்றி, கடைசி வரிசை வரை கேட்கும்படி வாசிப்பதற்கே செய்தார். இனி நான் சொல்லப்போவது அந்த நோக்கத்தை மீறியவர்களின் கதை.

பெயர் அச்சாகாத மேதை

மீறலுக்கு முன்னர், உள்ளே இருந்தபடியே வாத்தியத்தின் எல்லையை விரித்த ஒருவரைக் குறிப்பிட வேண்டும். அவர் ஜேம்ஸ் ஜேமர்ஸன். டெட்ரொயிட் நகரில் இயங்கிய மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் 1960களின் பெரும்பகுதி அவருடைய விரலில் நின்றது. விரல் என்று ஒருமையிலே சொல்வதற்குக் காரணம் உண்டு. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே அவர் தந்தியை மீட்டினார். சகாக்கள் அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தந்தியை மாற்றும் வழக்கமும் அவரிடம் இல்லை. பழந்தந்தியின் மங்கிய, சதைப்பிடிப்பான ஓசையே அவருக்கு உகந்தது.

மோட்டவுன் பாடல்களில் பாடகரின் குரலை ஒருகணம் ஒதுக்கி வைத்துவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேட்டுப் பாருங்கள். அங்கே இன்னொரு பாட்டு நடக்கும். எதிர்பாராத இடத்தில் நின்று, பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் இரண்டு சொல் சொல்லி, மறுபடி தாளத்தில் வந்து சேரும். உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் அந்த இசைக்கு ஆடினார்கள். ஆனால் இசைத்தட்டின் உறையில் பாடகரின் படம் இருந்தது. ஜேமர்ஸனின் பெயர் இல்லை. 1971 இல் மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்' இசைத்தட்டு வெளிவந்தபோதுதான் மோட்டவுன் நிறுவனத்தின் முக்கியமான தட்டொன்றில் அவரது பெயர் அச்சேறியது. அடுத்த ஆண்டு நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. ஜேமர்ஸனும் அங்கே போனார். ஆனால் அவரது காலம் அவரைவிட்டுப் போய்விட்டது. 1983 இல், 47 ஆவது வயதில் காலமானார். அவரைப் பற்றிய விரிவான நூல் 1989 இலும், அவரையும் சகாக்களையும் பற்றிய ஆவணப்படம் 2002 இலும் வெளிவந்தன. நாம் அவரைப் 'பெயர்' சொல்லி அறிந்தது அதன் பின்னரே.

இந்த அநீதியை எமக்குத் தொலைவான ஒன்றாக நான் கருதவில்லை. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனிப் பாதையொன்றில் நடந்து செல்லும் அழகை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். அவற்றில் பலவற்றை வாசித்த சசிதரனின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் தமது இசைத்தட்டுகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டபோதுதான், சென்னையின் பேஸ் கிட்டார்க் கலைஞரான கீத் பீட்டர்ஸ் போன்றோரை ரசிகர் பெயரால் அறிந்தனர்.

மெட்டுகளை அகற்றியவர்

1960களில் தனிக்குரலின் முதல் அசைவுகள் தெரிந்தன. 1965 இல் இங்கிலாந்தின் 'த ஹூ' குழுவினர் வெளியிட்ட 'மை ஜெனரேஷன்' பாடலில் ஜோன் என்ட்விஸில் சில வினாடிகள் பேஸ் கிட்டாரை முன்னே கொணர்ந்தார். தாயாரின் பியானோவுக்குத் துணையாக ட்ரம்ஸ் இல்லாத குறையை நிரப்புவதற்காக லரி கிரஹாம் தந்தியைப் பெருவிரலால் அடித்தும் சுண்டியும் வாசிக்கத் தொடங்கினார். அது ஒரு புதிய பாணியாகவே பரவியது. 1970களில் ஸ்டான்லி கிளார்க் தம் பெயரிலேயே இசைத்தட்டுகள் வெளியிட்டு மேடையின் நடுவுக்கு வந்தார்.

எனினும், 1976 ஆம் ஆண்டே வரலாற்றைப் பிளந்த ஆண்டு. ஜாக்கோ பஸ்ட்டோரியஸ் என்ற 24 வயது இளைஞரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட இசைத்தட்டு அவ்வாண்டில் வெளிவந்தது. புளோரிடாவின் கடலோர நகரொன்றில் வளர்ந்தவர். சிறுவயதில் ட்ரம்ஸ் பழகி, மணிக்கட்டில் ஏற்பட்ட காயத்தினால் பேஸ் கிட்டாருக்கு மாறியவர். அவருடைய வாத்தியம் 1962 ஆம் ஆண்டின் ஃபென்டர் ஜாஸ் பேஸ். அதன் மெட்டுகள் அகற்றப்பட்டு, பள்ளங்கள் நிரப்பப்பட்டு, வள்ளங்களுக்குப் பூசும் எப்பொக்சிப் பூச்சு மேலே பூசப்பட்டிருந்தது.

மெட்டில்லாப் பேஸ் கிட்டார் அவருடைய கண்டுபிடிப்பு அன்று. அம்பெக் என்ற நிறுவனம் 1966 இலேயே அதை விற்பனைக்கு விட்டிருந்தது. ஆனால் மெட்டை நீக்குவதால் என்ன கிடைக்கும் என்பதை உலகுக்குக் காட்டியவர் இவரே. கர்நாடக இசையைக் கேட்டுப் பழகிய எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெட்டு இருக்கையில் சுரம் ஒரு படி. மெட்டு இல்லாதபோது சுரங்களுக்கு இடையிலுள்ள சரிவு முழுவதும் விரலுக்குச் சொந்தம். அசைவும் இழைவும் குரலின் நடுக்கமும் அங்கே பிறக்கின்றன. துல்லியத்துக்காக ஃபென்டர் பதித்ததை நீக்கிய பிறகே இந்த வாத்தியம் பாடத் தொடங்கியது.

அந்த இசைத்தட்டின் முதல் உருப்படி 'டொனா லீ'. ஜாஸ் உலகில் சக்ஸபோன்காரர்களையே திணறடிக்கும் மெட்டு. ஜாக்கோ அதைக் கொங்கா மேளம் ஒன்றை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்தார். திறமையைப் பொறுத்தவரை அது மலைப்பு. ஆனால் என் நெஞ்சில் தங்கியது 'போட்ரெயிட் ஒஃப் டிரேசி' என்ற உருப்படி. மனைவியின் பெயரைச் சூட்டிய சித்திரம். மூன்று நிமிடம்கூட நீளாதது. பேஸ் கிட்டார் தவிர வேறெதுவும் அதில் இல்லை.

அதன் உத்தியைச் சற்று விளக்க வேண்டும். தந்தியை அழுத்தாமல், அதன் சரிபாதியில் விரலை மெல்லத் தொட்டு மீட்டினால், அடிச்சுரம் மறைந்து ஒரு ஸ்தாயி மேலே மணியோசை போன்ற சுரம் எழும். மூன்றிலொரு பங்கில் தொட்டால் இன்னொன்று. நாலிலொரு பங்கில் தொட்டால் வேறொன்று. பாடசாலைப் பௌதிகத்தில் சுரமானிக் கம்பியை வைத்துக்கொண்டு நாம் படித்த அதே விதி. ஒவ்வொரு கிட்டார் தந்திக்குள்ளும் எப்போதும் மறைந்திருக்கும் சுரங்கள் இவை. ஜாக்கோ அவற்றைக் கோத்து ஒரு முழுப் பாடலாக்கினார். மத்தளம் போல் ஒலித்த வாத்தியத்தில் இருந்து ஜலதரங்கம் போன்ற ஓசை எழுந்தது. உரப்பும் வேகமும் அங்கே இல்லை. ஒருவர் தமக்கு அருமையான ஒருவரை நினைத்துத் தனியே இருந்து பேசும் தொனியே உண்டு.

அவர் 'வெதர் ரிப்போர்ட்' குழுவில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றதும், ஜோனி மிச்சலின் பாடல்களுக்கு மெருகூட்டியதும் பலர் அறிந்தவை. பிற்காலம் துயரமானது. 1982 இல் இருமுனை மனநோய் என்று கண்டறியப்பட்டது. நியூயோர்க் தெருக்களில் தங்குமிடமின்றித் திரிந்த நாட்களும் இருந்தன. 1986 இல் அந்த மெட்டில்லா வாத்தியமும் களவு போயிற்று. 1987 செப்டெம்பரில் புளோரிடாவில் இரவு விடுதியொன்றின் வாசலில் கடுமையாகத் தாக்கப்பட்டு, நினைவு திரும்பாமலே 21 ஆந் திகதி இறந்தார். வயது 35.

பெருந்தெருவுக்கு அப்பால்

ஜாக்கோவுக்குப் பின் வந்தவர்கள் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அவருடைய வேகத்தைப் பின்பற்றுவது. மற்றையது, 'டிரேசி'யின் தனிமையைப் பின்பற்றுவது. முதலாவது பெருந்தெரு. இசைக் கருவிக் கண்காட்சிகளும், பின்னாளில் யூடியூப்பும் அந்த வழியில் வந்தவர்களால் நிரம்பின. இரண்டாவது ஒற்றையடிப் பாதை. அதில் நடந்தவர்களின் இசை, கடைகளில் எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாத இசையாக இருந்தது. ரொக் அன்று, ஜாஸும் முழுமையாக அன்று, சாஸ்திரிய இசையும் அன்று.

இந்தப் பாதையின் தொடக்கத்தை அறிய டபிள் பேஸுக்கு ஒருதடவை திரும்ப வேண்டும். 1968 இல் அமெரிக்கரான பார் பிலிப்ஸ் லண்டனில் ஒரு தேவாலயத்தில் தனியே இருந்து வாசித்துப் பதிவு செய்தார். இலத்திரனியல் இசைக்கு மூலப்பொருளாக வெட்டி ஒட்டுவதற்கென இசையமைப்பாளர் ஒருவர் கேட்ட ஓசைகள் அவை. பதிவைக் கேட்ட அவர், இதில் கைவைக்க வேண்டியதில்லை, இப்படியே வெளியிடலாம் என்று தீர்மானித்தார். 'ஜர்னல் வியொலோன்' என்ற அந்த இசைத்தட்டு முழுக்க முழுக்கத் தனிப் பேஸுக்காக வந்த முதல் தட்டாக மதிக்கப்படுகிறது.

பேஸ் கிட்டாரில் அவ்வாறு துணிந்தவர்களில் முந்தியவர் சுவீடனைச் சேர்ந்த யோனாஸ் ஹெல்போர்க். 1982 இல் 'த பேஸிக் திங்', 1984 இல் 'எலிகன்ட் பங்க்' என்ற தனி பேஸ் கிட்டார்த் தட்டுகளைத் தமது சொந்த வெளியீட்டகத்தின் மூலமே வெளியிட்டார். பெரிய நிறுவனங்கள் முன்வருமென்று காத்திருக்கவில்லை. இந்தத் துறையின் வரலாறே பெரும்பாலும் சொந்த வெளியீட்டகங்களின் வரலாறு என்பது கவனத்திற்குரியது. எமது எழுத்தாளர்கள் தம் கைக்காசைப் போட்டு நூல் அச்சிட்டு, தாமே சுமந்து விற்ற கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

1983 இல் மெட்டாலிக்கா குழுவின் முதல் இசைத்தட்டில் கிளிஃப் பேர்ட்டன் என்ற இளைஞர் தனி பேஸ் கிட்டாருக்கென ஓர் உருப்படியை வைத்தார். பேரிரைச்சலுக்குப் பேர்போன குழுவுக்குள்ளும் இந்தத் தனிக்குரலுக்கு இடம் கிடைத்தது. மூன்றாண்டுகளின் பின் சுவீடனில் நேர்ந்த பஸ் விபத்தில் அவர் பலியானார். 1988 இல் ஸ்டூ ஹாம், இரு கைகளின் விரல்களாலும் தந்தியைத் தட்டி, பீதோவனின் 'நிலவொளி' சொனாட்டாவைப் பேஸ் கிட்டாரில் வாசித்துக் காட்டினார்.

எனக்கு இந்தப் பாதையைக் காட்டியது மைக்கல் மன்ரிங்கின் இசை. கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த நண்பர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போன ஒலிநாடாவில் பெயர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பல வாத்தியங்கள் சேர்ந்த குழுவொன்றின் இசை என்று எண்ணிக் கேட்டேன். மூன்று பேஸ் கிட்டார்களை ஒருவரே ஒரே நேரத்தில் வாசித்தது என்று பின்னர் நண்பர் கடிதத்தில் எழுதினார். 'மை த்ரீ மூன்ஸ்' என்ற உருப்படி அது. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடிக் கேட்கலானேன்.

மன்ரிங் 1960 இல் பிறந்தவர்; ஜாக்கோவிடமே பாடம் கேட்டவர். அமைதியான வாத்திய இசைக்குப் பெயர்பெற்ற வின்டம் ஹில் நிறுவனத்தின் தட்டுகளில், மைக்கல் ஹெட்ஜஸ் என்ற அபூர்வமான கிட்டார்க் கலைஞருக்குத் துணையாக வாசித்தார். ஹெட்ஜஸ் கிட்டாரின் சுருதியைப் பாட்டுக்குப் பாட்டு மாற்றிக் கட்டுபவர். அந்தப் பழக்கத்தை மன்ரிங் பேஸுக்குக் கொண்டுவந்து, ஒரு படி மேலே போனார். ஜோ சொன் என்ற கைவினைஞர் அவருக்கென்று 'ஹைப்பர்பேஸ்' என்ற வாத்தியத்தைச் செய்து கொடுத்தார். பிரடைகளிலும் குதிரையிலும் சிறு நெம்புகள் பொருத்தப்பட்டிருக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நெம்பைத் தட்டினால் தந்தியின் சுருதி மாறிவிடும். ஒரே பாட்டுக்குள் வாத்தியம் பலமுறை தன் சுருதியை மாற்றிக்கொள்கிறது. ராகத்தின் நடுவில் கிரகபேதம் செய்வதை ரசிப்பவர்கள் இதில் கிடைக்கும் வியப்பை உணர்வார்கள். அங்கே ஆதாரம் மாறியதாக மனம் பாவித்துக்கொள்கிறது, இங்கே தந்தியே மாறிவிடுகிறது.

அவருடைய 'சொலிலொக்வி' தட்டு 2005 இல் வெளிவந்தது. தனிமொழி என்று தமிழில் சொல்லலாம். ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்யாமல் நேரடியாக வாசித்த தனி பேஸ் கிட்டார் இசை. அதிலுள்ள 'செலீனே' சந்திர தேவதையின் பெயரைத் தாங்கியது. காந்தப் புலத்தினால் தந்தியை ஓயாது அதிரச் செய்யும் சிறு கைக்கருவி ஒன்றை அவர் பயன்படுத்துகிறார். வில் போட்டது போலச் சுரம் நீண்டு நிற்கும். அந்த உருப்படியைக் கேட்கும்போதெல்லாம் வாத்தியம் எது என்ற எண்ணமே எனக்கு மறந்துபோகிறது.

விக்டர் வூட்டன் வேறு வகையானவர். ஐந்து சகோதரர்களில் இளையவர். நடை பயிலும் வயதிலேயே மூத்த அண்ணனிடம் வாசிக்கத் தொடங்கியவர். இசையைத் தாய்மொழி போலவே பழக வேண்டும், குழந்தை பிழைபடப் பேசும்போது நாம் அதைத் திட்டுவதில்லையே என்பது அவர் வலியுறுத்தும் கருத்து. 1996 இல் அவர் வெளியிட்ட 'எ ஷோ ஒஃப் ஹான்ட்ஸ்' தட்டில் நான்கு தந்திப் பேஸ் கிட்டாரே ஏறக்குறைய எல்லாம். ஒரு மனிதரின் பெருவிரலுக்குள் மேளமும் மெட்டும் அடங்கியிருக்கக் கண்டோம்.

சுழலும் ஓசை

தனித்து வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கு ஓர் இயல்பான இடர்ப்பாடு உண்டு. மேலே மெட்டு வாசிக்கப் போனால் கீழே தளம் இல்லாமல் போகும். இதற்கு ஒரு விடையை ஜாக்கோவே காட்டினார். 1979 இல் வந்த வெதர் ரிப்போர்ட்டின் '8:30' தட்டில், தாம் வாசித்த துண்டொன்றைத் தாமதக் கருவியொன்றில் பிடித்துச் சுழலவிட்டு, அதன்மேல் தாமே வாசித்தார். 1990களில் இத்தகைய கருவிகள் மலிந்தன. இங்கிலாந்தின் ஸ்டீவ் லோஸன் இந்த உத்தியையே தம் பாணியாக்கினார். அவருடைய முதல் தனித்தட்டு 2000 இல் வெளிவந்தது. மேடையில் தனியே நின்று வாசித்தவற்றின் பதிவு. ஒரு சொற்றொடரை வாசிப்பார். அது திரும்பத் திரும்ப வரும். அதன்மேல் இன்னொன்று, பிறகு இன்னொன்று. தம்முடைய நிழல்களோடு உரையாடும் ஒருவரைப் பார்ப்பது போலிருக்கும். தம் இசையைத் தாமே வெளியிட்டு, இணையத்தின் மூலம் கேட்பவருக்கு நேரே கொடுத்து வருபவர் அவர். கேட்போர் தொகை சிறிது. ஆனால் யார் கேட்கிறார் என்பது வாசிப்பவருக்குத் தெரியும்.

எமது இசையோடு உள்ள மெய்யான தொடர்பொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். முன்னே சொன்ன ஹெல்போர்க், 2000 இல் 'குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஒஃப் ஈவில்' என்ற தட்டைக் கிட்டார்க் கலைஞர் ஷோன் லேனோடும், கட மேதை விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடும் சேர்ந்து வெளியிட்டார். 2003 இல் வந்த 'ஐகன்' தட்டில் செல்வகணேஷின் சகோதரர்களும் இணைந்தனர். பேஸ் கிட்டாரும் கஞ்சிராவும் பேசிக்கொள்வது விந்தையன்று. கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் பக்கவாத்தியங்களே. ஆயினும் பாடகர் வாய்மூடித் தாளம் போட, அவை தனியே பேசுவதற்குத் தனியாவர்த்தனம் என்று ஒரு நேரத்தை எம் மரபு ஒதுக்கி வைத்திருக்கிறது. மேலைத்தேய மெல்லிசையில் அப்படியொரு மரபு இல்லை. அங்கே பக்கத்தில் நின்றவர் தமக்குரிய நேரத்தைத் தாமே எடுக்க வேண்டியிருந்தது.

தேவையா?

இனி, ஒரு மறுப்புக்கு முகங்கொடுக்க வேண்டும். பேஸ் கிட்டார் அத்திவாரம். அத்திவாரத்தைத் தோண்டியெடுத்துக் காட்சிக்கு வைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிற் பலர் பேஸ் கிட்டார்க் கலைஞர்களே. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தனி பேஸ் இசை என்ற பெயரில் வருவனவற்றில் ஒரு பகுதி கழைக்கூத்தேயாகும். விரல் எத்தனை வேகம், தந்தி எத்தனை என்ற கணக்கு. கேட்டு முடித்ததும் வியப்பு மிஞ்சும், வேறொன்றும் மிஞ்சாது.

ஆனால் நல்லவற்றைக் கேட்கும்போது நான் உணர்வது வேறு. வயலினோ புல்லாங்குழலோ தனித்து வாசிக்கும்போது அது தனக்குரிய ஆசனத்தில் இருந்து பேசுகிறது. பேஸ் கிட்டார் தனித்து வாசிக்கும்போது, காலமெல்லாம் மற்றவர்களைக் கவனித்தபடி நின்ற ஒருவர் பேசுகிறார். ஆகவே அதன் பேச்சில் அவசரமில்லை. சுரங்களுக்கிடையே மௌனம் அதிகம். தாழ்ந்த சுரங்களை நெருக்கி அடுக்கினால் குழம்பிப்போகும் என்பதால் வாசிப்பவர் எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். ஜேமர்ஸன் பாடகரின் மூச்சறிந்து வாசித்தார் அல்லவா? அந்தக் கேட்கும் பழக்கமே மன்ரிங்கின் தனிமொழியிலும் இருக்கிறது என்பது என் கருத்து. துணைநின்ற அனுபவம் இல்லாதவருக்கு இந்த இசை கைகூடாது.

இதற்கு நான் அறிந்த மிகப் பெரிய சான்று ஜேர்மனியரான எபர்ஹார்ட் வேபர். 1940 இல் பிறந்தவர். அவர் வாசித்தது பேஸ் கிட்டார் அன்று. நிமிர்த்தி வாசிக்கும் ஐந்து தந்தி மின்சாரப் பேஸ். பல்லாண்டுகள் நோர்வேயின் சக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக்கின் குழுவில் துணை நின்றவர். ஒவ்வொரு கச்சேரியிலும் அவருக்கெனத் தனி வாசிப்பு நேரம் இருந்தது. 2007 இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. அதன் பின்னர் வாத்தியத்தை வாசிக்க இயலாமற் போயிற்று. வேபர் என்ன செய்தார் தெரியுமா? 1990 முதல் 2007 வரையான கச்சேரிப் பதிவுகளில் இருந்து தம் தனி வாசிப்புகளைத் தேடி எடுத்தார். வெட்டி, இணைத்து, சுருதி மாற்றி, கீபோர்ட் சேர்த்துப் புதிய உருப்படிகளாக்கினார். கார்பரெக்கும் சில இடங்களில் வந்து வாசித்துக் கொடுத்தார். இம்முறை தலைவர் துணை நின்றார். அந்தத் தட்டு 2012 இல் 'ரெஸ்யூமே' என்ற பெயரில் வெளிவந்தது. 2015 இல் இன்னொன்றும் வந்தது. கை ஓய்ந்த பின்னரும் தனிக்குரல் ஓயவில்லை. பிறருடைய கச்சேரிகளின் இடைவெளியில் பேசி வைத்த பேச்சே அவரது முதுமைக்கு இசையாயிற்று.

இந்த இசையைக் கேட்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சிறிய பெட்டியிலோ கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியிலோ கேட்க வேண்டாம். நல்ல காதணி ஒலிபெருக்கி ஒன்றை இரவல் வாங்கியேனும் கேளுங்கள். முதலில் 'போட்ரெயிட் ஒஃப் டிரேசி'யைக் கேளுங்கள். பிறகு மன்ரிங்கின் 'செலீனே'. அதன்பின் நீங்கள் நெடுநாளாக விரும்பிவரும் பழைய பாட்டொன்றை எடுத்து, பாடகரை விட்டுவிட்டு, அடியில் நடப்பவரின் பின்னே ஒருதடவை நடந்து பாருங்கள். அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். முடிந்தால் அவருடைய பெயர் என்னவென்று தேடிப் பாருங்கள்.